மொட்டைக் கடுதாசியை ரோஜாவில் சுற்றிக் கொடுக்காதீர்கள்

மாணவர் பேரவைத் தலைவர், செயலாளர், விழாக் குழுவினர் ஆகியோருக்கும், அவர்களுடைய சுற்றறிக்கையில் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட கல்லூரி நிர்வாகத்துக்கும்,

காதலர் தின ரோஜா விநியோகம் பற்றிய உங்கள் சுற்றறிக்கை நூலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டுவதற்கு முன் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது போகட்டும். அதில் எழுதியிருப்பதுதான் பிரச்சினை. இந்த முறை எல்லாத் துறைகளிலும், வகுப்பு நடக்கும்போதே ரோஜா விநியோகிக்கப்படும் என்கிறீர்கள். அனுப்புகிறவர் பெயர் போட வேண்டியதில்லை என்கிறீர்கள். யாருக்கு எத்தனை ரோஜா வந்தது என்று அரங்க வாசலில் பலகை வைத்து எண்ணிக்கை எழுதப்போவதாகவும், முதலிடம் பிடிப்பவருக்கு மாலையில் மேடையில் கிரீடம் சூட்டப்போவதாகவும் சொல்கிறீர்கள். இந்த மூன்றும் கூடாது என்று உங்கள் அறைக்கே வந்து சொன்னேன். "ஜாலிக்குத்தான் மேடம்" என்று சிரித்து அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

காதலர் தினமே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. காதலிக்கிற வயதில் இருப்பவர்கள் காதலிக்கத்தான் செய்வார்கள். அதற்கென்று ஒரு நாள் வைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ரோஜாமேலும் எனக்குக் கோபம் கிடையாது. என் கோபமெல்லாம் நீங்கள் அதை விநியோகிக்கும் முறைமேல்தான்.

முன்பொரு காதலர் தினத்தன்று, முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் தன்னார்வலர்கள் கதவைத் தட்டினார்கள். தட்டு நிறைய ரோஜாக்கள், ஒவ்வொன்றின் காம்பிலும் ஓர் அட்டை. பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்கள். பெயர் வந்தவர் எழுந்து முன்னால் போய் வாங்க வேண்டும். "படி, படி" என்று பின் பெஞ்சு கத்தியது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தபோது விசில் பறந்தது. பெயர் வராதவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று தட்டு ஏந்தியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்கு எல்லோர் முகமும் தெரிந்தது. முன் வரிசையில் ஒரு பையன் நோட்டில் தேதி எழுதி அடிக்கோடு போட்டான். அந்தக் கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தான். தட்டு காலியாகிக் கதவு சாத்தப்பட்டபோது தாள் கிழிந்திருந்தது.

அன்றைக்கு நூலகத்தில் இருக்கும் கூட்டத்தைத் தேர்வுக்கு முந்தைய நாள்கூட நான் பார்த்ததில்லை. பைண்டு செய்த பழைய இதழ்கள் இருக்கும் பகுதிக்கு வருடம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் ஓரிருவர்தான் வருவார்கள். அன்று அந்த அலமாரிகளுக்குப் பின்னால் தரையில்கூட இடம் இருக்காது. "உனக்கு வகுப்பு இல்லையா?" என்று கேட்டால் "ரெஃபரன்ஸ் மேடம்" என்பார்கள். நான் அதற்கு மேல் கேட்பதில்லை. அவர்களில் ரோஜா வராது என்று பயந்து வந்தவர்களும் உண்டு, வந்துவிடுமோ என்று பயந்து வந்தவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தை நீங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்த புத்தகங்களுக்குள் உங்கள் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன், அடையாளத்துக்கு வைத்து மறந்துபோனவை. பெரும்பாலும் சாதாரண அட்டைகள்தான்: இதயப் படம், இரண்டு வரி, ஒரு எழுத்துப்பிழை. ஆனால் ஒன்றில் இப்படி இருந்தது: "உனக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள் என்பதால் நாங்கள் சேர்ந்து அனுப்புகிறோம்." கீழே பெயர் இல்லை. இதைத்தான் ஒரு வகுப்பு முழுக்கப் பார்க்க ஒருத்தியின் கையில் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்திருக்கிறீர்கள். எழுதியவர்கள் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் கைதட்டியிருப்பார்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு மாணவிக்கு ஒரே கையெழுத்தில் வரிசையாக அட்டைகள் வந்தன. எந்த இருக்கையில் உட்காருகிறாள், எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிறாள், முந்தின நாள் யாரோடு பேசிக்கொண்டு நடந்தாள், எல்லாம் அதில் இருந்தது. கடைசி அட்டையில், அந்தப் பேச்சு இனிமேல் வேண்டாம் என்று ஒரு உத்தரவு. அவள் உங்கள் மேசைக்கு வந்து, அனுப்பியது யார் என்று கேட்டாள். முன்பதிவு நோட்டில் பெயர் இருந்தது. ஆனாலும் சொல்ல மறுத்துவிட்டீர்கள். "ரகசியம் காப்பதுதான் எங்கள் விதி" என்றார் உங்களில் ஒருவர். யாருடைய ரகசியத்தை, யாரிடமிருந்து காப்பாற்றினீர்கள்? அந்த வாரம் முழுக்க அவள் கடைசி மணி அடித்த பிறகும் நூலகத்திலேயே இருந்தாள். நான் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது என்னோடு வாசல் வரை நடந்து வருவாள்.

இதையெல்லாம் சொன்னபோது நீங்கள் கொடுத்த பதில் சுற்றறிக்கையிலும் இருக்கிறது: "பெயர் சொல்லாமல் அனுப்புவதே காதலர் தினத்தின் பாரம்பரியம்." சரி, பாரம்பரியத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நீங்கள்தான். நான் நூலகர், அந்தச் சாட்சியை விசாரிக்காமல் விட முடியாது.

சுற்றறிக்கையின் முதல் பத்தியில் இருக்கும் கதையை, அதாவது ரோமப் பேரரசனின் தடையை மீறிப் படைவீரர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த வாலண்டைன் பாதிரியார் கதையை, வரலாறு என்று போட்டிருக்கிறீர்கள். அது பின்னால் வளர்ந்த புராணக்கதை. அந்தப் பெயரில் இருந்த புனிதரைப் பற்றி நம்பகமாகத் தெரிவது மிகக் குறைவு என்பதால்தான் 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபையே உலகப் பொது நாள்காட்டியிலிருந்து அவருடைய திருநாளை எடுத்தது. இந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பேசும் பழைய சான்றுகள் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்துக் கவிதைகளில்தான் கிடைக்கின்றன. அங்கே வருவது பறவைகள்; அன்றைக்குக் கூடித் தங்கள் துணையைத் தேர்ந்தெடுக்கின்றன. சாசரின் பெண் கழுகு, இந்த வருடம் யாரும் வேண்டாம், யோசிக்க ஒரு வருடம் அவகாசம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறது. உங்கள் தட்டில் அதற்கு இடம் இல்லை.

அடுத்த சாட்சிதான் முக்கியம். ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் காதலர் தினக் கடிதங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1477 பிப்ரவரியில் மார்ஜரி ப்ரூஸ் என்ற பெண் ஜான் பாஸ்டனுக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வரதட்சணையில் இழுபறி. அம்மா எவ்வளவோ கெஞ்சியும் அப்பா அதற்கு மேல் தர மறுக்கிறார், நீங்கள் என்னை நேசிப்பது உண்மையானால் அதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்று எழுதுகிறாள் மார்ஜரி. உங்களிடமிருந்து சேதி வரும்வரை உடம்பும் சரியில்லை, மனசும் சரியில்லை என்கிறாள். ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் படிக்கிறவரைக் கரைக்கிற கடிதம். (அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. கேட்பீர்கள் என்று தெரியும்.) அந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எழுதுவது யார் என்பது அதில் தெரிகிறது. கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது: இதை உங்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் பார்க்க வேண்டாம். பெயரை மறைக்கவில்லை, கடிதத்தைத்தான் மறைக்கச் சொன்னாள். நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்கிறீர்கள். கடிதம் ஊர் பார்க்கப் போகிறது, பெயரைப் பெட்டியில் பூட்டுகிறீர்கள்.

பெயர் போடாத அட்டைகள் இருந்ததே இல்லையா என்றால், இருந்தன. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பெரிய மோகம். 1840-ல் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், ஒரு பென்னி என்ற தபால் முறை வந்து, தபால்தலை ஒட்டி யார் வேண்டுமானாலும் மலிவாக அனுப்பலாம் என்றான பிறகு காதலர் தின அட்டைகள் குவிந்தன. கூச்சப்பட்டவர்கள் பெயர் போடாமல் அனுப்பினார்கள்; அதில் ஓர் அழகு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தபால் பையில்தான் இன்னொரு சரக்கும் போனது. வினிகர் வாலண்டைன் என்று அதற்குப் பெயரே உண்டு. மலிவான ஒற்றைத் தாள், அதில் ஒரு கேலிச் சித்திரம், கீழே நான்கு வரி வசை. கல்யாணம் ஆகாத வயதான பெண்களுக்கு, குண்டானவர்களுக்கு, கடைக்காரர்களுக்கு, பின்னாளில் வாக்குரிமை கேட்ட பெண்களுக்கு என்று ஆளுக்கு ஏற்ற மாதிரி அச்சடித்து விற்றார்கள். அனுப்பியவர்கள் யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. நான் புத்தகத்துக்குள் கண்டெடுத்த அட்டை இந்த வம்சம்தான். பெயர் போடாமல் அனுப்பலாம் என்று கதவைத் திறந்தால் கூச்சக்காரன் மட்டும் உள்ளே வரமாட்டான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"விருப்பம் இல்லாதவர்கள் கலந்துகொள்ள வேண்டாமே" என்பது உங்கள் அடுத்த வாதம். கலந்துகொள்ளாமல் இருப்பது எப்படி என்று சொல்லுங்கள். அனுப்பாமல் இருக்கலாம். வராமல் தடுக்க என்ன வழி? லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், தன் நாட்குறிப்பில் 1662 பிப்ரவரி 14 அன்று எழுதியதைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். காலையில் முதலில் கண்ணில் படுகிறவரே அந்த வருடத்து வாலண்டைன் என்பது அப்போதைய வழக்கம்; பரிசும் கொடுத்தாக வேண்டும். பீப்ஸ் வீட்டில் வர்ணம் பூசுகிறவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிடக் கூடாது என்று அவருடைய மனைவி காலை முழுக்கக் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்தாராம். பீப்ஸுக்கு அது ஒரே வேடிக்கை. ஆனால் அவரும் அன்றைக்கு ஒரு வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அந்த வீட்டுப் பெண் முந்தின வருடம் அவருடைய வாலண்டைன்; இப்போது குடும்பங்களுக்குள் முன்போல நெருக்கம் இல்லை, மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். கட்டாயம் என்று வந்துவிட்டால் பெரிய அதிகாரிகூட ஒளிந்துகொள்கிறார். அவருக்காவது ஒளிய ஊர் முழுக்க இடம் இருந்தது. உங்கள் வகுப்பறையில் வருகைப்பதிவு எடுக்கிறார்கள்.

உங்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு மாற்றும் சொன்னார்: "அப்படியென்றால் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோஜா கொடுத்துவிடலாம் மேடம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்." இதை ஜப்பான் செய்து பார்த்துவிட்டது. அங்கே பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கம். காதலனுக்குக் கொடுப்பது ஒருபுறம் இருக்க, அலுவலகத்தில் மேலதிகாரி, சக ஊழியர் என்று எல்லோருக்கும் கொடுக்கும் கடமைச் சாக்லேட்டும் வந்து சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து மார்ச் 14-ல் ஆண்கள் பதிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று மிட்டாய்த் தொழில்காரர்கள் இன்னொரு நாளையும் பரப்பினார்கள். கடைசியில் சாக்லேட் விற்கிற கோடைவா நிறுவனமே 2018-ல் அங்கே ஒரு நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, கடமைக்குக் கொடுப்பதை நிறுத்துவோம் என்று கேட்டுக்கொண்டது. விற்கிறவனே போதும் என்று சொல்லும் அளவுக்கு அது சுமையாகிவிட்டது. எல்லோருக்கும் ஒன்று என்று பட்டியல் போட்டால் வருத்தம் குறையலாம். அந்த ரோஜாவை யாரும் எடுத்துவைக்க மாட்டார்கள். மாலையில் பெருக்குகிற அம்மாதான் அள்ளுவார். இப்போதே அவர்தான் அள்ளுகிறார்.

வசூல் நல்ல காரியத்துக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், சந்தோஷம். நல்ல காரியத்துக்கு வசூலிக்க வேறு ஆயிரம் வழி இருக்கிறது.

அந்த எண்ணிக்கைப் பலகைக்கு மட்டும் நான் எங்கே தேடியும் முன்னோர் கிடைக்கவில்லை. அது முழுக்க உங்கள் கண்டுபிடிப்பு. காதலை இரண்டு பேர் விவகாரமாகப் பார்த்த ஊர்களில் எண்ணிக்கைக்கு வேலையே இருந்ததில்லை. வேல்ஸில் காதலிக்கிறவன் மரத்தில் கரண்டி செதுக்கிக் கொடுப்பான். ஒரே கட்டையிலிருந்து, எங்கும் ஒட்டுப்போடாமல் சங்கிலி வளையங்களைச் செதுக்கி எடுப்பான். கைப்பிடிக்குள் சின்னக் கூண்டு, அதற்குள் உருளும் மரக் குண்டு, எல்லாம் அதே கட்டையிலிருந்து. 17-ஆம் நூற்றாண்டுக் கரண்டிகள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒருவன் ஒரு குளிர்காலத்தில் எத்தனை செதுக்க முடியும்? ஒன்று. அதை யாரிடம் கொடுப்பது என்று செதுக்கும்போதே நன்றாக யோசித்திருப்பான். பின்லாந்தில் அதே பிப்ரவரி 14 நண்பர்கள் நாள். அட்டை அனுப்பக் காதலன், காதலி என்று யாரும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாரம்பரியத்திலிருந்து எதையாவது எடுப்பதென்றால் எடுக்க இவ்வளவு இருக்கிறது. நீங்கள் தேடிப்பிடித்து வினிகரை எடுத்திருக்கிறீர்கள்.

இப்போது நிர்வாகத்துக்கு. இந்த மடலைப் படித்துவிட்டு, தொல்லை விட்டது என்று நிகழ்ச்சியையே ரத்து செய்யும் யோசனை உங்களுக்கு வரலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தடை போட்டால் இதே அட்டைகள் பைக்குள்ளும் பெஞ்சுக்கு அடியிலும் போகும். அந்த மாணவிக்கு வந்தது போன்ற அட்டை வந்தால் வெளியே சொல்லவும் பயப்படுவார்கள், சொன்னால் தடை செய்த விஷயத்தில் நீ ஏன் இருந்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும். அவள் கொடுத்த புகார் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் தடை வேண்டாம், புகாருக்குப் பதில் வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

வகுப்பறைக்குள் ரோஜாவோ அட்டையோ எதுவும் கொண்டுவராதீர்கள். ஒரே இடத்தில் மேசை போடுங்கள். வந்திருக்கிறது என்ற சேதியை உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவரே வந்து வாங்கிக்கொள்ளட்டும், அல்லது வாங்காமல் விடட்டும். வாங்காதது யார் என்று உங்கள் தன்னார்வலர்கள் வெளியே பேசக் கூடாது. எண்ணிக்கைப் பலகையும் கிரீடமும் இந்த வருடத்தோடு மட்டுமில்லை, இனி எப்போதுமே வேண்டாம்.

ஒவ்வொரு அட்டையிலும் அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டும். பெயர் போடத் தைரியம் வராதவர் அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும், சாசரின் கழுகு காத்திருந்ததே. எனக்கு எதுவும் அனுப்பாதீர்கள் என்று எழுதிக்கொடுக்க ஒரு பட்டியல் வையுங்கள். அதில் பெயர் இருப்பவருக்கு முன்பதிவே எடுக்காதீர்கள். அந்தப் பட்டியல் பேரவையிடம் இருக்க வேண்டாம், மாணவர் ஆலோசகரிடம் இருக்கட்டும்.

நண்பர்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்களுக்கும் அதே மேசையில் அதே மரியாதை கிடைக்கட்டும். நிறத்துக்கு ஒரு அர்த்தம் என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கும் அட்டவணையையும் எடுத்துவிடுங்கள். யார் யாருக்கு என்ன என்று தூரத்திலிருந்தே கணக்குப்போட அது ஒன்றே போதும்.

நிர்வாகம் அந்த மாணவியின் புகாரை இந்த வாரமே எடுத்து விசாரிக்க வேண்டும். பழைய முன்பதிவு நோட்டைப் பேரவை உடனே விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதை யாராவது தொலைத்துவிட்டேன் என்று சொன்னால், தொலைத்தது யார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கடிதம் எழுத இடம் வேண்டுமென்றால் நூலகத்தின் வாசிப்பு அறையை அன்று மாலை திறந்துவைக்கிறேன். தாளும் பேனாவும் நான் தருகிறேன். உறையை ஒட்டிவிட்டுத்தான் வெளியே எடுத்துப்போக வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

முன்பதிவு மேசை திங்கட்கிழமை திறப்பதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. அதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வேண்டும். வராவிட்டால் நூலகப் பலகையிலிருந்து உங்கள் சுற்றறிக்கையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இந்த மடலை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர்